முகம் பார்த்துப் பேசுகிறவர்கள்

என் தொழில் காது. மலாக்கா டவுனில் ஒரு செவித்திறன் நிலையத்தில் பரிசோதகராக இருக்கிறேன். வருகிறவரை வெளிச்சத்தம் புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எவ்வளவு மெல்லிய ஒலி வரை அவருக்குக் கேட்கிறது என்று பார்ப்பது வேலையின் முதல் பாதி. இரண்டாம் பாதியில் சொற்கள் வரும். காதில் விழுந்த சொல்லை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் மொழி இல்லை. 'பீப்' என்ற ஒலிக்கு எல்லா இனத்தாரும் ஒரே மாதிரிதான் கையைத் தூக்குகிறார்கள். இரண்டாம் பாதி அப்படி இல்லை.

எங்கள் நிலையத்தில் சொற்கள் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பதிவாகி இருக்கின்றன. தமிழில் இல்லை. தமிழர்கள் வந்தால் மலாயில் சோதிப்போம். அவர்களும் பள்ளியிலும் கடையிலும் மலாய் பேசி வளர்ந்தவர்கள்தான். யாரும் குறை சொன்னதில்லை. பெரியம்மா வரும்வரை நானும் அதைப் பெரிதாக யோசித்ததில்லை.

பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா இறந்த பிறகு பெம்பானில் தனியாக இருக்கிறார். அங்குள்ள ஒரு கிளினிக்கில் பல வருடங்களாகக் கவுண்டர் வேலை. வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி, பதிவு செய்து, நம்பர் கொடுத்து, மருந்து வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அவர் பிறப்பில் சீனர். கைக்குழந்தையாக இருக்கும்போதே ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதி வாங்கி வளர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இது யாரையும் திரும்பிப் பார்க்கவைக்கிற விஷயம் இல்லை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஊருக்கு ஒரு பெண்ணாவது இப்படி இருந்திருப்பார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார், தமிழரைக் கட்டிக்கொண்டார், தீமிதிக்கு விரதம் இருக்கிறார், கோபம் வந்தால் சுத்தமான தமிழில் திட்டுகிறார். முகம் மட்டும்தான் சீனம். சீன மொழி அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கே அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே ஒற்றை வாக்கியத்தில் சொல்லி, அடுத்த துணிக்குப் போய்விட்டார்.

கிளினிக்கை நடத்திய பழைய தமிழ் டாக்டர் ஓய்வுபெற்றார். ஒரு மலாய்ப் பெண் டாக்டர் அதை எடுத்துக்கொண்டார். இளையவர், ஒழுங்கானவர், பெரியம்மாவை மரியாதையாக நடத்துகிறவர். ஆனால் நோயாளிகள் அவரிடம் புகார் சொல்லத் தொடங்கினார்கள். கவுண்டரில் இருப்பவர் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதையே திரும்பக் கேட்கிறார், சில நேரம் நம் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று. காதைச் சோதித்து அறிக்கை கொண்டுவரும்படி டாக்டர் சொன்னார். காது சரியில்லை என்றால் கவுண்டரில் வைக்க முடியாது, மருந்து விஷயம் என்றும் சொன்னார். உள்ளே மருந்துப் பொட்டலம் போட ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஆகவே வேலையே போகும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்தது. எனக்குப் போன் செய்தார்.

"பசியாறிட்டியா மா? வேலையா இருக்கியா?"

"இல்ல பெரியம்மா, சொல்லுங்க."

"எனக்குக் காது செக் பண்ணணுமாம். நீ பண்ணுவியா, சொந்தக்காரங்களுக்கெல்லாம் பண்ண மாட்டியா?"

"நான் பண்ணக்கூடாது. கூட வேலை செய்றவங்க பண்ணுவாங்க. நான் பக்கத்துல இருப்பேன்."

"பக்கத்துல இருந்துட்டு என்னா செய்வ? சாமி மாதிரி பாத்துக்கிட்டே இருப்பியா?"

"ஆமா."

"சரி. தேங்கா உடைக்கணும்னா சொல்லிடு."

பரிசோதனைக்கு முன்பே, விடுமுறை நாளில் நான் பெம்பான் கிளினிக்குக்குப் போய் ஒரு காலைப்பொழுது முழுவதும் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறைக்குள் என்ன சத்தம் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். மேலே இரண்டு காற்றாடிகள், ஓயாத டிவி, காய்ச்சல் பிள்ளைகளின் அழுகை, ஒவ்வொரு முறையும் இழுத்துச் சாத்த வேண்டிய கண்ணாடிக் கதவு. கவுண்டரில் ஒரு தடுப்புக் கண்ணாடி, அதில் வாய் உயரத்துக்கு இல்லாமல் கை உயரத்தில் ஓர் ஓட்டை. பாதிப் பேர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். நல்ல காதுள்ளவருக்கும் அது வசதியான இடம் இல்லை.

வந்தவர்களை நான் மனத்துக்குள் மூன்றாகப் பிரித்தேன். தமிழர்கள் கதவைத் திறந்துகொண்டே பேசினாலும் பெரியம்மா குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னார். "என்னாங்கக்கா, திரும்பக் காய்ச்சலா? போன மருந்தை ஒழுங்கா முடிச்சீங்களா இல்லையா?" மலாய்க்காரர்கள் நேருக்கு நேர் பேசினால் சிக்கல் இல்லை. பிள்ளை அழும்போதோ கவசத்துக்குள் மெல்லப் பேசும்போதோ மட்டும் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாவது பிரிவில்தான் எல்லாம் கெட்டது. சீனர்கள் அவர் முகத்தைப் பார்த்த உடனே, யோசிக்காமல், சீனத்தில் தொடங்கினார்கள். வயதானவர்கள் ஹொக்கியன், இளையவர்கள் மண்டரின். பெரியம்மா தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவர்களை அலட்சியம் செய்யவில்லை. அந்த ஒலி அவருக்குத் தன்னிடம் பேசப்படும் பேச்சாகவே போய்ச் சேரவில்லை. டிவியும் காற்றாடியும் இருக்கிற பக்கத்தில் அதுவும் போய் ஒதுங்கிக்கொண்டது.

ஒரு சீனப் பாட்டி கண்ணாடியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மாவிடம் மெல்லிய குரலில், "பெக்காக்" என்றார். மலாயில் செவிடு.

பெரியம்மா உடனே தலையை நிமிர்த்தினார். "யா லா ஆன்ட்டி, பெக்காக், பெக்காக்" என்று சிரித்துக்கொண்டே நம்பரை நீட்டினார்.

அவ்வளவு மெல்லிய சொல் கேட்டிருக்கிறது என்பதை நான் குறித்துக்கொண்டேன். அவர் அதை ஏன் ஒப்புக்கொண்டார் என்பதை அப்போது கவனிக்கவில்லை. வேடிக்கை என்று விட்டுவிட்டேன்.

பரிசோதனை நாளில் என்னுடன் வேலை செய்யும் சீனத் தோழி வெளியே வந்தார். கையில் இருந்த தாளில் பெரியம்மாவின் தமிழ்ப் பெயர் தெளிவாக இருந்தது. நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்தார். வணக்கத்தை மண்டரினில் சொன்னார்.

பெரியம்மா அதற்கென்று ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார். சிறு வயதில் அவருடன் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். உதடு மட்டும் விரியும், கண் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கும். "மலாயு லா, அமோய்" என்றார். மலாயில் பேசு பெண்ணே என்று. தோழி தயங்காமல் மலாய்க்கு மாறினார்.

பீப் ஒலிகளில் பெரிய ஆச்சரியம் இல்லை. உயர் சுருதி ஒலிகள் இரண்டு காதிலும் கொஞ்சம் குறைந்திருந்தன. அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்து மலாய்ச் சொற்கள். அமைதியில் ஓரளவு சரியாகச் சொன்னார். பின்னணியில் இரைச்சலைச் சேர்த்ததும் ஏறக்குறைய பாதிச் சொற்கள் போய்விட்டன. தோழி என்னைத் தனியே அழைத்து, பீப் ஒலிகளை வைத்துப் பார்த்தால் இவ்வளவு போகக்கூடாதே என்றார். முதலில் பேசும்போதே உன் பெரியம்மா புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தார், மூளைப் பக்கம் ஒருமுறை பார்க்கச் சொல்லலாமா என்றும் கேட்டார். முதலில் நீ மண்டரினில் அல்லவா பேசினாய் என்றேன். தான் மண்டரினில் பேசியது அவருக்கு நினைவே இல்லை.

இது அவர் குறை இல்லை. நானும் அப்படித்தான். ஒருவர் வாய் திறப்பதற்கு முன்பே என் காது எந்த மொழிக்குத் தயாராக வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது. முகம், உடை, நிற்கிற கடை எல்லாம் அந்த முடிவில் சேர்கின்றன. இரண்டு மூன்று மொழியில் வாழ்கிறவர்கள் எல்லாரும் இதைச் செய்துகொண்டே இருக்கிறோம். பெரும்பாலும் சரியாக இருப்பதால் செய்வது தெரிவதில்லை.

இரைச்சலில் சொல் போவதற்கு வேறு காரணம் உண்டு. சத்தமான இடத்தில் யாரும் முழுச் சொல்லைக் கேட்பதில்லை. காது ஒரு பகுதியைப் பிடிக்கிறது, மீதியைத் தெரிந்த மொழி நிரப்பிக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் வந்த மொழி வேகமாக நிரப்பும். பிறகு வந்த மொழி, எவ்வளவு நன்றாகப் பேசினாலும், அந்த இடத்தில் கொஞ்சம் பிந்தும். படிக்கும் காலத்தில் ஒருவரை ஒருவர் சோதித்துப் பழகியபோது என்னிடமே பார்த்தேன். நான் படித்ததும் வேலை செய்வதும் ஆங்கிலத்தில். வங்கியிலும் அலுவலகங்களிலும் மலாய். தமிழ் வீட்டோடு சரி. ஆனால் இரைச்சலை ஏற்ற ஏற்ற முதலில் ஆங்கிலம் உதிர்ந்தது, பிறகு மலாய். கடைசி வரை நின்றது தமிழ்.

ஆகவே பெரியம்மாவைத் தமிழில் சோதிக்க வேண்டும் என்றேன். என்னிடம் சில மாதங்களாகச் சேர்த்த தமிழ்ச் சொற்கள் இருந்தன. பாயா ரும்புட்டிலிருந்து வரும் எங்கள் நிலையத்துக் குமாஸ்தா அக்கா அவற்றைத் தன் குரலில் பதிவு செய்து கொடுத்திருந்தார். யாரும் அங்கீகரித்த சொற்கள் இல்லை. துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோழி ஒப்புக்கொண்டார். கருவியை அவர் இயக்கினார், சரி தவறை அக்கா குறித்தார், நான் கண்ணாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதே இரைச்சல். பெரியம்மா சொற்களைத் திருப்பிச் சொன்னதோடு நிற்கவில்லை.

"மஞ்சள். வாங்கணும், முடிஞ்சி போச்சு."

"கெணறு. இப்ப எங்க இருக்கு கெணறு?"

"மருமகள். ம்ம்."

"ஆன்ட்டி, சொல்லை மட்டும் சொல்லுங்க போதும்," என்று அக்கா ஒலிவாங்கியில் கெஞ்சினார்.

"சொல்லிட்டுத்தானே மா பேசறேன்? நீ மார்க்கைப் போடு."

சில சொற்கள்தான் தவறின. தமிழே தெரியாத தோழி அக்காவின் குறியீடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மூளைப் பக்கம் பார்க்கும் யோசனையை விட்டுவிட்டார். காது கொஞ்சம் குறைவு, செவிக்கருவி போட்டால் உதவும் என்பதே முடிவு.

கீழே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு பெரியம்மாவிடம் விளக்கினேன்.

"அப்ப நான் செவிடு இல்லையா?"

"கொஞ்சம் கம்மி. மெஷின் போட்டா மலாய்க்காரங்க பேசறது இன்னும் தெளிவாக் கேக்கும். ஆனா பாதி கம்ப்ளேன் சீனங்க சொல்றது. அது மெஷினால போகாது. உங்களுக்குச் சீனம் தெரியாதுன்னு டாக்டருக்கு ஒரு வரி எழுதிட்டா அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

பெரியம்மா கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது வேணாம்."

"ஏன்? அதான் பெரியம்மா உண்மைக் காரணம்."

"வேணாம்னா வேணாம். செவிடுன்னே எழுதிடு."

அவர் மேசையில் இருந்த நீர்வட்டத்தை விரலால் துடைத்தார்.

"செவிடுன்னா ஒருத்தனும் மேல கேக்க மாட்டான் மா. ஐயோ பாவம்னு சத்தமா பேசுவான், முடிஞ்சிது. சீனம் தெரியாதுன்னு சொல்லிப் பாரு, விட மாட்டாங்க. ஏன் தெரியாது? ஒங்கம்மா பேச மாட்டாங்களா? ஒங்கம்மா எங்க? எந்த ஊரு? ஏன் குடுத்தாங்க? ஆம்பளப் பிள்ளையா இருந்தா குடுத்திருப்பாங்களா? நம்பர் எடுக்க வந்தவங்களுக்கெல்லாம் நான் இத சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

"சொல்ல வேணாம் பெரியம்மா."

"எனக்கே தெரியாது. தெரியாதத நான் எப்படிச் சொல்றது?"

"பழைய டாக்டர் இருந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"அப்ப வந்ததெல்லாம் நம்ம ஆளுங்க, தெரிஞ்சவங்க. சீனங்க ஒண்ணு ரெண்டு. தமிழனக் கட்டிக்கிட்ட சீனத்தின்னு நெனச்சிக்குவாங்க. நானும் நெனச்சிக்கட்டும்னு விட்டுடுவேன். இப்ப ரொம்பப் பேரு வர்றாங்க."

பொய் எழுத முடியாது என்று சொன்னேன். பொய் எழுதச் சொல்லவில்லை, அந்த ஒரு வரியை விட்டுவிடத்தான் சொல்கிறேன் என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் அறிக்கை காதைப் பற்றியது. ஒருவருக்கு எந்த மொழி தெரியாது என்பதற்கு அதில் இடம் இல்லை. ஆனால் கருவி மாட்டிய பிறகும் சீனர்கள் புகார் சொன்னால் நிலைமை முன்பைவிட மோசமாகும். மெஷின் போட்டும் கேட்கவில்லை என்றுதான் டாக்டர் நினைப்பார், கவுண்டர் கையைவிட்டுப் போய்விடும் என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

"அத நான் பாத்துக்கறேன்."

"மலாயிலும் தமிழிலும் சோதிச்சோம்னு எழுதுவோம். தமிழ்தான் முதல் மொழின்னும் போட வேண்டியிருக்கும். அது பரவாயில்லையா?"

"தமிழ்னு தாராளமா எழுது. அது என்னா மறைக்கிற விஷயமா?" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அறிக்கையைப் படித்த டாக்டர், கருவி மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேலை செய்து பாருங்கள், புகார் குறைகிறதா என்று பார்த்து முடிவு சொல்கிறேன் என்றாராம்.

கருவி தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி, இது வெளியே தெரியுமா என்று. தெரியாது என்ற பதிலைத்தான் எதிர்பார்ப்பார்கள். பழக்கத்தில் நான் சிறியவற்றையும் தோல் நிறத்தில் இருப்பவற்றையும் பெரியம்மா முன் எடுத்து வைத்தேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"இது வெளிய தெரியுமா?"

"அவ்வளவா தெரியாது பெரியம்மா. முடிக்குள்ள மறைஞ்சிடும்."

"தெரியற மாதிரி இல்லையா?"

காது மடலுக்குப் பின்னால் உட்காரும் பெரிய ரகத்தைக் காட்டினேன். நிறங்கள் கேட்டார். பிள்ளைகளுக்காக வைத்திருந்த சிவப்பைத் தொட்டார். ஒலியில் வேறுபாடு இல்லை என்பதால் நான் மறுக்கவில்லை. கிளினிக்குக்குப் போகும் முன் கூந்தலை இழுத்துக் கட்டி, இரண்டு காதும் நன்றாகத் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கருவியைக் கண்டு வெட்கப்படாதவர் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

கிளினிக் இரைச்சலில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க மறுபடியும் பெம்பானுக்குப் போனேன். டிவி, காற்றாடி, அழும் பிள்ளை எல்லாம் அப்படியே இருந்தன. தடுப்புக் கண்ணாடியில் மட்டும் ஓட்டை வாய் உயரத்துக்கு வந்திருந்தது. டாக்டர் மாற்றச் சொன்னாராம்.

வயதான சீனர் ஒருவர் வந்தார். பெரியம்மாவைப் பார்த்ததும் ஹொக்கியனில் நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். இந்த முறை பெரியம்மா உடனே நிமிர்ந்தார். அது கருவியின் வேலை. அடுத்துச் செய்தது கருவியின் வேலை இல்லை. தலையை மெல்லத் திருப்பி, சிவப்புக் கருவியை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பெரியவர் நிறுத்தினார். பிறகு அதே ஹொக்கியனை இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னார். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா பொறுமையாக இன்னொரு தட்டு தட்டினார்.

"இனி மெஷின் சீனா தா மாசோக், அங்கிள்," என்றார். "மலாயு போலே."

இந்த மெஷினில் சீனம் போகாது, மலாய் என்றால் போகும்.

பெரியவர் ஓட்டைக்கு அருகே குனிந்து அந்தக் கருவியை அக்கறையுடன் பார்த்தார். பெரியம்மாவின் அம்மாவைப் பற்றி அவருக்கு எந்தக் கேள்வியும் எழவில்லை. அடையாள அட்டையை நீட்டி, நிறுத்தி நிறுத்தி, நல்ல மலாயில், முழங்கால் வலி என்றார். பெரியம்மா ஒரே முறையில் பதிந்துகொண்டு நம்பர் கொடுத்தார்.

டாக்டர் தன் அறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். மலாயில் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். முதல் மொழி தமிழ் என்று எழுதிய அறிக்கையைப் படித்தவர் அவர். பெரியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் பெரியம்மாவிடம், இனி அறிக்கை எதுவும் வேண்டாம், கவுண்டரிலேயே இருங்கள் என்று சொன்னதாக எனக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் பெரியவருக்கு விஷயம் முடியவில்லை. நம்பரைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மறுபடியும் கண்ணாடியருகே வந்தார். தன் தம்பிக்கும் காது போய்விட்டது, ஆனால் அவனுக்கு மலாய் அவ்வளவு வராது, சீனம் போகிற மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பெரியம்மா எழுதுவதை நிறுத்தாமல் பேனாவால் என்னைக் காட்டினார். "அதோ அந்தப் பொண்ணு கடையில," என்று மலாயில் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம், "ஒனக்கு ஆள் புடிச்சிக் குடுத்திருக்கேன், பாத்துக்க லா" என்றார்.

பெரியவர் என் எதிரே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார், சீனம் போகிற மெஷின் இருக்கிறதா என்று.

"அடா, அங்கிள்," என்றேன். இருக்கிறது.

நிலையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.